துடுப்புக்குத் தெரிந்த ஆறு

சென்ற வாரம் திருவானைக்காவலில் எங்கள் தெருவுக்குச் சாலை போட்டார்கள். காலையிலேயே தார் காயும் வாசனை ஜன்னல் வழியாக வீட்டுக்குள் வந்துவிட்டது. மனைவி முகத்தைச் சுளித்துக்கொண்டு கதவைச் சாத்தினாள். நான் எழுந்து போய்த் திறந்து வைத்தேன். மற்றவர்களுக்கு அது சாலை வேலையின் வாசனை. எனக்கு ஆற்றில் தண்ணீர் வரப்போகிறது என்ற சேதி.

உத்தமர்சீலியில் எங்கள் வீட்டுக் கொல்லையில் வைகாசி பிறந்து பத்துப் பதினைந்து நாள் போனதும் மூன்று கல் கூட்டி, தகர டின்னில் தார் உருக்குவார் சித்தப்பா. பக்கத்தில் பரிசல் கவிழ்ந்து கிடக்கும். மாசிக்குப் பிறகு ஆறு வறண்டு, பரிசலும் மாட்டுக்கொட்டகை நிழலில் காய்ந்து வெடித்திருக்கும். மூங்கிலைப் பிளாச்சுகளாகச் சீவி, குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி, வட்டமாக வளைத்துக் கட்டிய கூடு அது. அந்தக் காலத்தில் அதன் மேல் மாட்டுத்தோல் போர்த்துவார்களாம். எனக்கு நினைவு தெரிந்தபோது உரச்சாக்கு வந்துவிட்டது. சாக்கைத் தைத்து இழுத்துக் கட்டி, அதன் மேல் தாரைத் தென்னம்பாளையால் தொட்டுத் தொட்டுப் பூசுவார் சித்தப்பா. விரிசல் இருக்கும் இடத்தை விரலால் தடவிக் காட்டுவது என் வேலை. கையில் ஒட்டிய தாரை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்துவிட்டுத்தான் சித்தி சோறு போடுவாள்.

பூசிய தார் இறுகி முடிவதற்கும் வானொலியில் மேட்டூர் திறந்த செய்தி வருவதற்கும் சரியாக இருக்கும். நல்ல வருஷமென்றால் ஜூன் 12. அங்கே திறந்த தண்ணீர் எங்கள் பக்கம் வந்து சேர ஏறக்குறைய மூன்று நாள். ஊர்ப் பையன்கள் எல்லோரும் மணலில் இறங்கி மேற்கே பார்த்துக்கொண்டு நிற்போம். முதலில் வருவது தண்ணீர்போலவே இருக்காது. சருகும் நுரையும் சேர்ந்த ஒரு விளிம்பு, மணலை நக்கிக்கொண்டு மெல்ல ஊர்ந்து வரும். நாங்கள் அதற்கு முன்னால் பின்னோக்கி நடந்துகொண்டே வருவோம். கணுக்கால் நனைந்ததும் குனிந்து ஒரு கை அள்ளித் தலையில் தெளித்துக்கொள்வோம். பெரியவர்கள் சூடம் ஏற்றுவார்கள். மறுநாள் காலையில் பார்த்தால் ஆறு கரைக்குக் கரை நிறைந்து போய்க்கொண்டிருக்கும்.

ஸ்ரீரங்கம் என்றால் வெளியூர்க்காரர்களுக்குக் கோயில்தான் கண்ணில் நிற்கும். எங்களுக்கு அது ஒரு நீளமான தீவு. மேற்கே முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிந்து, தெற்கே காவிரியாகவும் வடக்கே கொள்ளிடமாகவும் ஓடுகிறது. கிழக்கே கல்லணைப் பக்கம் இரண்டும் மறுபடி நெருங்கி வருகின்றன. நடுவில் கோயிலும் திருவானைக்காவலும் போக, மிச்சமெல்லாம் வாழையும் நெல்லும் வெற்றிலைக் கொடிக்காலும்தான். "கொள்ளிடம் பள்ளம், காவிரி மேடு. அதும் போக்குல விட்டா தண்ணி பூரா வடக்கே ஓடிப்போயிடும்" என்பார் சித்தப்பா. அது நடந்துவிடக் கூடாது என்றுதான் 1836-இல் ஆர்தர் காட்டன் முக்கொம்பில் கொள்ளிடத்தின் தலைமாட்டில் மேலணையைக் கட்டத் தொடங்கினார். கீழே கல்லணை கரிகாலன் காலத்தது. இந்த இரண்டு அணைகளுக்கு நடுவே கிடக்கும் ஆற்றுத் துண்டுதான் என் இளமைக்காலத்து உலகம்.

பரிசல் விட எனக்குக் கற்றுக்கொடுத்த விதத்தை இன்றைக்கு நினைத்தாலும் சித்தப்பாவின் பொறுமை கண்ணில் நிற்கிறது. "நீச்சல் தெரியாதவன் துடுப்பைத் தொடக்கூடாது" என்பது அவர் போட்ட முதல் சட்டம். ஒரு கோடை முழுக்கத் தோட்டத்துக் கிணற்றில் போட்டுப் புரட்டியெடுத்தார். ஆனியில் தண்ணீர் வந்ததும் பரிசலைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு படுகையில் நடந்தார். பின்னாலிருந்து பார்த்தபோது பெரிய ஆமையொன்று எழுந்து நடந்து போவதுபோல் இருந்தது. இடுப்பளவு தண்ணீரில் என்னை ஏற்றி உட்காரவைத்துத் துடுப்பைக் கையில் கொடுத்தார்.

வட்டமான பொருளுக்கு முன்னும் கிடையாது, பின்னும் கிடையாது. பக்கவாட்டில் துடுப்பு போட்டால் இருந்த இடத்திலேயே சுற்றும். வானம், வாழைத்தோப்பு, சித்தப்பா, மறுபடி வானம் என்று என் கண்முன் எல்லாம் சுழன்றன. அவர் சிரிக்கவில்லை. "பக்கத்துல அடிக்காதடா. முட்டி போட்டு விளிம்புக்கு வா. துடுப்ப முன்னால போடு, உன் பக்கம் இழு. கொஞ்சம் இந்தப் பக்கம், கொஞ்சம் அந்தப் பக்கம். பரிசல் தானா உன் பின்னாலயே வரும்." இழுத்தேன். அது ஒரு முழம் முன்னால் நகர்ந்தது. அந்த ஒரு முழத்தில் எனக்குக் கிடைத்த சந்தோஷம் பிறகு எந்த வண்டி ஓட்டியபோதும் கிடைக்கவில்லை.

துடுப்பு வசப்பட்ட பிறகு ஆற்றைப் படிக்கச் சொல்லிக்கொடுத்தார். தண்ணீர் சின்னச் சின்னதாக நெளிந்து ஓடினால் அடியில் மணல்திட்டு. எண்ணெய் தடவியதாகப் பளபளத்து, சத்தமே இல்லாமல் போனால் மடு. அக்கரையில் எந்தத் துறையில் இறங்கவேண்டுமோ அதற்கு நேராகப் புறப்படக்கூடாது. கரையோரமாகவே மேலுக்கு ஏறிப்போய், அங்கிருந்து விடவேண்டும். பாதி வேலையைத் தண்ணீரே செய்து, சரியான துறையில் கொண்டுபோய்ச் சேர்க்கும். பாலத்துத் தூணுக்குப் பக்கத்தில் போகாதே. மதகுக்கு மேல்பக்கம் தண்ணீர் அசையாமல் நிற்பதைப் பார்த்து ஏமாறாதே, இழுப்பு அடியில் இருக்கும். நுரையும் செத்தையும் கூடிவந்தால் தண்ணீர் ஏறுகிறது, கரைக்கு வந்துவிடு. இவை எல்லாவற்றையும் அவர் ஒரே நாளில் சொல்லவில்லை. அந்தந்த இடத்துக்கு வரும்போதுதான் சொன்னார். அதனால்தான் இன்றும் மறக்கவில்லை.

எங்கள் வீட்டில் துடுப்பு பிடித்தது ஆண்கள் மட்டுமல்ல. விடியும் முன்பே வாழை இலைக் கட்டுகளைப் பரிசலில் அடுக்கிக்கொண்டு அக்கரையில் வேங்கூருக்குப் போய்விடுவாள் சித்தி. அங்கிருந்து காந்தி மார்க்கெட்டுக்குப் பஸ். திரும்பி வரும்போது இலைக்கட்டு இருந்த இடத்தில் கத்தரிக்காயும் கருவாடும் எங்களுக்குக் காராசேவும் இருக்கும். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, முட்டி போட்டு, தலையை நிமிர்த்தியபடி அவள் துடுப்பை இழுக்கும் நேர்த்திக்குச் சித்தப்பாவே ஈடுகொடுக்க மாட்டார். கர்ப்பிணிப் பெண்ணை நள்ளிரவில் அக்கரை சேர்த்ததும் உண்டு, பெண் பார்க்கப் போனவர்களை வெற்றிலைத் தட்டோடு ஏற்றிப்போனதும் உண்டு.

மறக்கவே முடியாதது, புதுப் பரிசல் வாங்கிவந்த நாள். பழையதன் கூடு உளுத்துப் போயிருந்தது. ஜீயபுரத்தில் ஒரு பெரியவரிடம் சொல்லிவைத்து வாங்கினார் சித்தப்பா. லாரியில் ஏற்றினால் கூலி அதிகம். "ஆறு சும்மாத்தானே போகுது" என்று சொல்லிவிட்டார். விடிகாலையில் ஜீயபுரத்துத் துறையிலிருந்து நாங்கள் இருவரும் கிழக்கே விட்டோம். சித்தி கட்டிக்கொடுத்த புளிச்சோறு வாழையிலைக்குள் மணத்துக்கொண்டிருந்தது.

முத்தரசநல்லூர் தாண்டும்வரை யாரும் பேசவில்லை. இரு பக்கமும் நாணல். நீர்க்காகம் மூழ்கி மூழ்கி எழுந்தது. ஒரு திட்டின் ஓரத்தில் நீர்நாய்கள் தலையைத் தூக்கி எங்களைப் பார்த்துவிட்டு வழுக்கி இறங்கின. "இதுங்க இருந்தா மீன் இருக்குன்னு அர்த்தம்" என்றார் சித்தப்பா. கம்பரசம்பேட்டையில் நகரத்துக்குக் குடிநீர் எடுக்கும் கிணறுகளைக் காட்டினார். திருச்சி முழுக்கக் குடிப்பது நாம் மிதந்து போகும் இந்தத் தண்ணீரைத்தான் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. அதற்கப்புறம் மணல்திட்டில் ஒதுங்கினோம். ஈர மணலைக் கையால் பறித்ததும் ஊற்று சுரந்தது. அதைக் குடித்து, புளிச்சோற்றைத் தின்று, பரிசல் நிழலில் கொஞ்சம் படுத்துக்கொண்டோம்.

மறுபடி புறப்பட்டதும் முன்னால் மலைக்கோட்டை. தெருவிலிருந்து பார்த்தால் அது கட்டடங்களுக்கு மேல் தலைகாட்டும் ஒரு பாறை. ஆற்றிலிருந்து பார்த்தால்தான் அதன் முழு உடம்பும் தெரியும். தொலைவில் இருந்தது, வலப்பக்கம் வந்து நின்றது, மெல்லப் பின்னால் போனது. இடப்பக்கம் தென்னைகளுக்கு மேல் கோயிலின் மொட்டைக் கோபுரம். பல நூற்றாண்டுகளாக முடியாமல் நின்ற அந்த அடித்தளத்தின் மேல்தான் 13 நிலை எழுப்பி, 236 அடி ராஜகோபுரமாக 1987-இல் குடமுழுக்குச் செய்தார்கள். நான் ஆற்றிலிருந்து பார்த்த அன்று அப்படியொன்று எழும் என்று யாரும் நினைத்திருக்க முடியாது. அம்மா மண்டபத்தில் தர்ப்பணம் செய்துகொண்டிருந்தவர்கள் கையில் எள்ளோடு எங்களைப் பார்த்தார்கள். மஞ்சள் பூசிக் குளித்த பெண்கள், துணி துவைப்பவர்கள், யானையைக் குளிப்பாட்டும் பாகன். படித்துறையிலிருந்து ஆற்றைப் பார்த்துத்தான் எனக்குப் பழக்கம். ஆற்றிலிருந்து படித்துறையைப் பார்த்தபோது எங்கள் ஊர் வேறு ஊராகத் தெரிந்தது.

ஓடத்துறைக்கு எதிரே 1976-இல் திறந்த காவிரிப் பாலம் அப்போது புதுக்கருக்கு மாறாமல் நின்றது. அங்கே சித்தப்பா என்னிடமிருந்து துடுப்பை வாங்கிக்கொண்டு, தூண்களுக்கு நட்டநடுவே பரிசலை விட்டார். அதைத் தாண்டி ரயில் பாலம். தலைக்கு மேல் சென்னை போகும் ரயில் தடதடத்தபோது பரிசலின் மூங்கில்கூட நடுங்கியது. பனையபுரம் கடந்து உத்தமர்சீலிப் படுகையில் ஒதுங்கியபோது விளக்கு வைக்கும் நேரம். கரையில் சித்தி கற்பூரத்தட்டோடு நின்றாள். புதுப் பரிசலுக்குத் திருஷ்டி சுற்றிய பிறகுதான் எங்களை இறங்கவிட்டாள்.

ஆடிப்பெருக்கு வந்தால் பரிசலுக்கும் குங்குமப்பொட்டு உண்டு. காப்பரிசி, காதோலை கருகமணி, முளைப்பாரி எல்லாம் ஆற்றில் விட்டு, புதுப்பெண்கள் தாலிக்கயிறு மாற்றிக்கொள்வார்கள். அம்மா மண்டபத்துக்கு நம்பெருமாள் எழுந்தருளி, காவிரித் தாயாருக்குச் சீர் கொடுப்பார். புடவையும் மாலையும் மஞ்சளும் தண்ணீரில் போகும். சின்னப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கரையோரமாக ஒரு சுற்று சுற்றிக்காட்டுவது என் பொறுப்பாயிற்று. எத்தனை பிள்ளைகள் என் பரிசலில் முதன்முதலாக ஆற்றைத் தொட்டார்களோ!

வெள்ளம் வந்தால் கதை வேறு. காவிரியில் தண்ணீர் மிஞ்சினால் உத்தமர்சீலித் தரைப்பாலத்தின் வழியாகக் கொள்ளிடத்துக்கு வழிந்து ஓடும். கல்லணைச் சாலை அறுந்துபோகும். வாழை கழுத்தளவு தண்ணீரில் நிற்கும். இன்றைக்கும் பெருவெள்ளம் என்றால் செய்தியில் அந்தத் தரைப்பாலத்தின் பெயர் வராமல் இருக்காது. அப்போதெல்லாம் பரிசல் வைத்திருக்கும் வீட்டுக்காரனைத்தான் ஊர் தேடிவரும். ஓட்டமுள்ள இடத்தைத் தவிர்த்து, தோப்பு வழியாகத் தேங்கிய தண்ணீரில் மட்டும் விட்டு, கன்றுக்குட்டிகளையும் கிழவிகளையும் மேட்டுக்குக் கொண்டுவருவார் சித்தப்பா. நடு ஆற்றில் மட்டும் இறங்கவே மாட்டார். யார் எவ்வளவு பணம் காட்டினாலும் தலையை ஆட்டிவிடுவார்.

ஆறு மாறியதை எங்கள் ஊரில் முதலில் கண்டுபிடித்தவரும் அவர்தான். நான் வேலைக்குப் போய்விட்டு ஒரு விடுமுறையில் வந்திருந்தபோது, பரிசலில் நின்றபடி மூங்கில் கழியை ஊன்றிக் காட்டினார். "இங்க எப்பவும் மார்பளவுதான். இப்ப கழி எட்டல பாரு." மணலை அள்ளி அள்ளி ஆற்றின் மடி இறங்கிக்கொண்டிருந்தது. கரையில் நின்றவர்களுக்குத் தண்ணீர் வழக்கம்போல் ஓடுவதாகத்தான் தெரிந்தது. துடுப்பும் கழியும் பிடித்தவருக்கு மட்டும் அடி தெரிந்தது. திட்டுகள் காணாமல் போயின. கையால் பறித்தால் சுரந்த ஊற்று, முழங்கை ஆழத்துக்கும் கீழே போயிற்று. மணல் எடுத்த பள்ளங்கள் தண்ணீருக்கடியில் மறைந்து கிடக்க, நீச்சல் தெரிந்த பிள்ளைகளே அதில் சிக்கிய துயரமும் நடந்தது. பெற்றவர்கள் பயந்தார்கள். ஆற்றுக்குப் போகாதே என்று சொல்லி வளர்ப்பது வழக்கமாகிவிட்டது.

வீட்டுக்கு வீடு மொபெட்டும் மினி பஸ்ஸும் வந்தபின் அக்கரைக்குப் பரிசலில் போக யாருக்கும் நேரமில்லை. சித்தப்பா காலமான பிறகு அவருடைய பரிசல் கொட்டகையிலேயே மட்கியது. 2018 ஆகஸ்ட் மாதம் கொள்ளிடத்தில் பெருந்தண்ணீர் போனபோது, 1928-இல் திறந்த பழைய இரும்புப் பாலத்தின் தூண்கள் சாய்ந்தன. 22-ஆம் தேதி இரவு முக்கொம்பு மேலணையின் மதகுகள் உடைந்தன. அவற்றை வேடிக்கை பார்க்க ஊரே கரைக்குத் திரண்டது. நானும் போய் நின்றேன். அந்தக் கூட்டத்தில் ஆற்றின் மேல் ஒருமுறையாவது போய்வந்தவர்கள் எத்தனை பேர் என்று நினைத்துப் பார்த்தேன். நெஞ்சு கனத்தது.

மகன் சிங்கப்பூரில் குடியேறிய பிறகு அங்கே போயிருந்தோம். அதுவும் வெப்பநாட்டுத் தீவு, அடிக்கடி மழை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மெக்ரிட்சி நீர்த்தேக்கத்துக்கு அழைத்துப்போனான். அந்த ஊரின் மிகப் பழைய நீர்த்தேக்கம் அது. சுற்றிலும் காடு. வாடகைக்குக் கயாக் கொடுக்கிறார்கள். உயிர்காப்புச் சட்டையை மாட்டிவிட்டு, எந்த எல்லைக்குள் போகலாம் என்று சொல்லிவிட்டு, நம்மை நம்பி அனுப்பிவிடுகிறார்கள். குடிக்கிற தண்ணீரில்தான் ஜனங்கள் துடுப்பு போடுகிறார்கள். கயாக் ஒல்லியானது, நீளமானது, துடுப்புக்கு இரண்டு பக்கமும் இலை. பனிநாட்டு இனுயிட் மக்கள் சட்டம் கட்டி, அதன் மேல் சீல் தோலைப் போர்த்திச் செய்த ஓடத்திலிருந்து வந்தது. எங்கள் பரிசலும் கூடு கட்டித் தோல் போர்த்தியதுதான். எங்கோ பனியிலும் இங்கே வெயிலிலும் மனிதர்கள் ஒரே யோசனைக்கு வந்திருக்கிறார்கள் என்று நினைத்தபோது உடம்பு சிலிர்த்தது.

பேத்தி என் முன்னால் உட்கார்ந்திருந்தாள். கயாக் ஒரு இழுப்புக்கு நேராக ஓடியது. பரிசலில் பழகிய கை அதன் வேகத்தைக் கண்டு வியந்தது. "தாத்தா, நீங்க எங்க கத்துக்கிட்டீங்க?" என்றாள். காவிரியில் என்றேன். "நம்ம ஊர்லயா?" என்று திரும்பிப் பார்த்தாள். ஸ்ரீரங்கத்துக்கு எத்தனையோ தடவை வந்தவள், அது ஒரு தீவு என்பது அன்றுவரை அவளுக்குத் தெரியாது. பாலத்தின் மேல் காரில் கடந்தவளுக்கு எப்படித் தெரியும்?

அடுத்து அவர்கள் வந்தபோது பிச்சாவரம் கூட்டிப்போனேன். எங்கள் கொள்ளிடம் கடலைச் சேரும் இடத்துக்கு அருகில்தான் அந்தச் சுரபுன்னைக் காடு இருக்கிறது. 2022-இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த ஈரநிலம். துடுப்புப் படகில் குறுகலான வாய்க்கால்களுக்குள் போனோம். வேர்கள் தண்ணீருக்கு மேல் வளைந்து நிற்க, அவற்றின் மேல் நண்டுகள் ஏறி இறங்கின. ஆற்றுக்கு ஒரே போக்குதான். இங்கே ஏற்றம் ஒரு பக்கம் இழுக்கும், வற்றம் மறுபக்கம் இழுக்கும். படகுக்காரத் தம்பி நேரம் பார்த்துத்தான் உள்வாய்க்காலுக்குள் விட்டான். 2004-இல் சுனாமி வந்தபோது பின்னால் இருந்த குப்பங்களை இந்தக் காடு தாங்கிக்கொண்டதை அவன் பேத்திக்குச் சொன்னான். மேற்கிலிருந்து நல்ல தண்ணீர் வந்தால்தான் இந்தக் காடு செழிக்கும் என்றும் சொன்னான். சித்தப்பாவின் குரலை அவனிடம் கேட்டேன். தண்ணீரின் மேல் வாழ்கிறவர்கள் எல்லோரும் இப்படித்தான், கேட்காமலே அதன் சுகதுக்கத்தைச் சொல்லிவிடுகிறார்கள்.

காவிரிக்கு இன்று குறைவாக இருப்பது அந்த மனிதர்கள்தான். கரையிலிருந்து கும்பிடுகிறவர்கள் நிறைய இருக்கிறோம். பாலத்தில் நின்று படம் எடுக்கிறவர்களும் நிறைய. அதன் ஆழம் மாறினால், திட்டு மறைந்தால், நீர்நாய் வராமல் போனால், சாக்கடை கலந்தால் மறுநாளே தெரிந்துகொள்ள ஆற்றின் மேல் ஆள் வேண்டும். ஜீயபுரத்தில் ஒரு இறங்குதுறை, அம்மா மண்டபத்துக்கு ஒதுக்கமாக ஒன்று, உத்தமர்சீலியில் ஒன்று. உயிர்காப்புச் சட்டை, அன்றைய நீரளவு எழுதிய பலகை, இத்தனை கன அடிக்கு மேல் போனால் யாரும் இறங்கக்கூடாது என்ற கண்டிப்பு, மதகுகளுக்கும் தூண்களுக்கும் எட்டவே தடுப்பு. ஆற்றைத் தெரிந்த மீன்காரக் குடும்பத்துப் பிள்ளைகளே சொல்லிக்கொடுக்கட்டும். பரிசலோ கயாக்கோ, எதுவானாலும் துடுப்பு சொந்தக் கையில் இருக்கவேண்டும். இதற்குப் பெரிய செலவில்லை. ஆற்றை நம் பிள்ளைகளிடம் மறுபடி ஒப்படைக்கலாம் என்ற தைரியம்தான் வேண்டும்.

வருகிற ஆனியில் பேத்தி லீவுக்கு வருகிறாள். வேங்கூர்ப் பக்கம் இன்னும் மீன்பிடிக்கப் பரிசல் வைத்திருக்கும் ஒரு தம்பியிடம் சொல்லிவைத்திருக்கிறேன். தண்ணீர் அளவாகப் போகும் நாளாகப் பார்த்து, கரையோரமாக மட்டும் விடுவதாக ஒப்புக்கொண்டிருக்கிறான். அதற்கு முன்னால் அவள் நீச்சலை முடித்திருக்க வேண்டும். சித்தப்பாவின் சட்டம் அவளுக்கும் உண்டு.